தாங்குந் திறனும் கண்மாய்ப் பாசனமும்

1964ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைத் தாக்கிய புயலைப் பற்றி இராமநாதபுரம் ஜில்லாவில் கேள்விப்படாதார் இலர். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் பிரயாணிகளோடு அலைகளால் அடித்துச் செல்லப்பட்டது. 1914ஆம் வருஷம் முதல் இலங்கைக்குச் செல்வோர் கப்பலேறும் துறையாக விளங்கிய பட்டணம், ஸ்டேஷன், தபாலாபீஸ், மாதா கோயில், கடைகள் ஆகிய யாவும் சிதைந்து, விடியும்போது மணலும் நீருமாய்க் கிடந்தது. அதே புயலில் பாம்பன் ரயில் பாலமும் உருக்குலைந்தது. அதன் கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. ஆயினும் ஸ்ரீதரன் என்னும் இஞ்சினீயரின் மேற்பார்வையில் அப்பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டு, ரயில் மறுபடியும் ஓடலாயிற்று. பட்டணமோ மீளவில்லை. அவ்விடம் மனிதர் வாசம் செய்யத் தகுதியற்றது என்று சர்க்கார் அறிவித்தனர். இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதை திரும்பப் போடப்படவில்லை. தலைமன்னார் கப்பலும் அதன்பின் இராமேசுவரத்திலிருந்தே புறப்பட்டது.

புயல் ஒன்றே, பாலம் மீண்டது, பட்டணம் மீளவில்லை. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு செய்தியும் உண்டு. வசிக்கத் தகாது என்று விலக்கப்பட்ட அதே மணல்திட்டில், புயலுக்குப் பின் மீனவர்கள் ஓலைக் குடிசைகளைக் கட்டிக்கொண்டு திரும்பவும் குடியேறினர். தெற்கே ஆண்கடல் கொந்தளிக்கும் காலத்தில் வடக்கே பெண்கடலிலும், வாடைக் காலத்தில் பெண்கடல் சீறும்போது ஆண்கடலிலும் தொழில் செய்து இன்றளவும் அவர்கள் பிழைத்து வருகின்றனர். ரயிலும் கப்பலும் என்ற ஒரே தூணில் நின்ற பட்டணம், அத்தூண் வீழ்ந்ததும் வீழ்ந்தது. இரண்டு கடலை நம்பி நின்ற எளிய குடும்பங்கள் வீழவில்லை. எது எதனால் மீள்கிறது, எது எதனால் மீளாமற்போகிறது என்ற இந்தக் கேள்வி நிலமுடையோருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் மிக அவசியமானது. ஏனெனில், கண்மாயும் வயலும் கிணறும் பாலத்தைப் போன்றவையா, பட்டணத்தைப் போன்றவையா என்று அறியாமல் செய்யப்படும் மராமத்தும் செலவும் பல சமயங்களில் வீணாகின்றன.

இக்கேள்விக்குச் சாஸ்திர முறையில் விடை தேடியவர்களில் முதன்மையானவர் கிராஃபோர்டு ஸ்டான்லி ஹாலிங் என்னும் கனடா தேசத்து அறிஞர். இவர் 1930இல் பிறந்து 2019இல் காலமானார். செடி, புழு, பறவை, மிருகம், மனிதர் ஆகிய ஜீவராசிகள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் விதத்தை ஆராயும் சூழலியல் என்ற சாஸ்திரமே இவருடைய துறை. கனடாவின் வன இலாகாவில் காட்டு மரங்களைத் தின்னும் பூச்சிகளைப் பற்றி ஆராய்வதற்காக அமர்ந்த இவர், பூச்சியிலிருந்து தொடங்கிப் பொருளாதாரம், நகர நிர்மாணம், நீர்ப்பாசன நிர்வாகம் முதலிய பல துறைகளிலும் மக்கள் சிந்திக்கும் முறையையே மாற்றிவிட்டார்.

அவருடைய முதல் ஆராய்ச்சிகளுள் ஒன்று மிகவும் எளியது. 1959இல் வெளியான அக்கட்டுரையில் ஒரு பரீட்சை கூறப்படுகிறது. ஒரு மேஜையின்மீது உப்புக் காகிதத்தில் வெட்டிய சிறு வட்டுகளைப் பரப்பி, கண்ணைக் கட்டிய ஒருவரை விரலால் தட்டித் தேடி அவற்றைப் பொறுக்கி எடுக்கச் செய்தார். வட்டுகள் அதிகமாக அதிகமாக, ஒரு நிமிஷத்தில் எடுக்கும் தொகையும் முதலில் அதிகரித்தது. ஆனால் ஒவ்வொரு வட்டையும் எடுத்து வைப்பதற்குச் சிறிது நேரம் பிடிக்குமன்றோ? ஆதலின் ஓர் அளவுக்குமேல் எத்தனை வட்டுகள் இருந்தாலும் எடுக்கும் தொகை கூடவில்லை. பயிர்ப்பூச்சியைத் தின்னும் பறவைக்கும் சிலந்திக்கும் இதுவே விதி. பூச்சி குறைவாயிருக்கும் வரையில் பகை ஜந்துக்கள் அதை அடக்கி வைக்கும். பூச்சி ஓர் எல்லையைக் கடந்துவிட்டால், அவை எவ்வளவு தின்றாலும் ஈடுகொடுக்க இயலாது. பிறகு பூச்சியின் பெருக்கம் வேறொரு நிலைக்குத் தாவிவிடுகிறது. ஆகவே ஒரே வயலுக்கு இரண்டு நிலைகள் உண்டு. அவற்றினிடையே ஒரு வரம்பும் உண்டு. வரம்பிற்கு இப்புறம் இருக்கும்வரை சிறு தவறுகள் தாமே சரியாகும். அப்புறம் சென்றபின் பெருமுயற்சி செய்தாலும் எளிதில் திரும்ப இயலாது.

இதற்குக் கனடாவின் கீழ்ப்பகுதிக் காடுகளையே அவர் உதாரணமாகக் காட்டினார். அங்கே பால்சம் ஃபர் என்ற மரத்தை ஒரு தளிர்ப்புழு தின்கிறது. பல வருஷங்கள் அப்புழு கண்ணிற்குத் தென்படாதபடி குறைந்திருக்கும். ஃபர் மரங்கள் முதிர்ந்து அடர்ந்த காலத்தில் வறண்ட பருவமும் சேர்ந்தால், திடீரென்று பெருகி மரங்களை அழிக்கும். அதன்பின் ஸ்புரூஸ், பர்ச் என்னும் மற்ற மரங்களுக்கு வெயிலும் இடமும் கிடைக்கும். சில காலத்தில் ஃபர் கன்றுகள் மறுபடியும் வளரும். இவ்வாறு அழிவும் வளர்ச்சியும் மாறிமாறி வந்தமையாலேயே அக்காட்டில் பலவகை மரங்களும் நிலைத்திருந்தன. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் 1952 முதல் ஆகாய விமானங்களிலிருந்து பூச்சி மருந்து தெளிக்கப்பட்டது. மரங்கள் பிழைத்தன என்பது உண்மையே. ஆனால் புழுவுக்கு வேண்டிய தளிரும் குறையாமல் நின்றது. ஆகையால் புழுத் தொல்லை முன்போல் வந்து போகாமல், ஓயாத தொல்லையாக நீடித்தது. மருந்தை நிறுத்தினால் பேரழிவு வரும் என்ற நிலையும் ஏற்பட்டது. ஆண்டுதோறும் மரத்தைக் காப்பாற்றியதன் பயனாகக் காடு முன்னிலும் அபாயகரமான நிலைமையை அடைந்தது.

இவற்றைத் திரட்டி 1973இல் ஹாலிங் எழுதிய ஒரு கட்டுரையில் இரண்டு குணங்களை வேறுபடுத்திக் கூறினார். அவற்றுள் ஒன்று ஸ்திரத்தன்மை. சிறிது அசைத்தால் உடனே பழைய இடத்திற்குத் திரும்புவதும், ஆண்டுக்காண்டு அதிகம் ஏறி இறங்காமல் இருப்பதும் இக்குணம். மற்றொன்று தாங்குந் திறன். எவ்வளவு பெரிய அதிர்ச்சி வந்தாலும் அதை உள்வாங்கிக்கொண்டு, உருவம் மாறினாலும் உறவு மாறாமல் நிலைத்திருப்பது இக்குணம். முந்தியது மிகுந்தால் பிந்தியதும் மிகும் என்பது சாதாரண அபிப்பிராயம். அது தவறு என்பதே ஹாலிங் காட்டிய உண்மை. ஏற்ற இறக்கமே இல்லாமல் அடக்கி வைக்கப்பட்ட ஒன்று, உள்ளுக்குள் தன் தாங்குந் திறனை இழந்துகொண்டே வரலாம். மிகவும் ஏறி இறங்கும் ஒன்று நெடுங்காலம் நிலைக்கலாம். பாம்பன் பாலத்தைச் செப்பனிட்டது முந்திய குணத்துக்கு உதாரணம். தனுஷ்கோடி மீனவர் பிழைத்தது பிந்திய குணத்துக்கு உதாரணம்.

நெல் விளைவிப்போருக்கு இக்கொள்கை புதிதன்று. புகையான் பூச்சி இதை நேரிலேயே கற்பித்திருக்கிறது. 1966இல் ஐ.ஆர். 8 என்ற குட்டை ரகம் வெளிவந்தபின், ஆசியா முழுவதும் ஒரே வகை நெல் நெருக்கமாகப் பயிரிடப்பட்டு, உரமும் பூச்சி மருந்தும் தாராளமாக இடப்பட்டன. 1970களில் புகையான் பல தேசங்களில் வயல்களைச் சுட்டெரித்ததுபோல் கருக்கியது. அதன் முட்டை நெற்பயிரின் தாளுக்குள் இருப்பதால் மருந்துக்குத் தப்பியது. அதைத் தின்னும் சிலந்தியும் மற்ற நல்ல பூச்சிகளும் மருந்துக்குத் தப்பவில்லை. ஆகவே தெளிக்கத் தெளிக்கப் புகையான் பெருகிற்று. 1986இல் இந்தோனேஷியா சர்க்கார் நெல்லுக்கு 57 வகைப் பூச்சி மருந்துகளைத் தடைசெய்து, குடியானவர்களுக்கு வயலைக் கவனித்துப் பார்க்கும் பயிற்சியை அளித்தனர். வயலிலுள்ள பகை ஜந்துக்களை மறுபடியும் தலையெடுக்க விடுவதே அந்தச் சிகிச்சை.

1978இல் ஹாலிங்கும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட நூலில், இயற்கையைச் சார்ந்த எந்த நிர்வாகத்தையும் ஒரு பரீட்சையாகக் கருதவேண்டும் என்று வற்புறுத்தினர். முன்னரே எல்லாம் தெரிந்ததாக எண்ணித் திட்டம் போடாமல், சிறிதாகச் செய்து, பலனைக் கவனித்துக் குறித்து, அதற்கேற்பத் திருத்திக்கொண்டே செல்லவேண்டும் என்பது அதன் சாரம். 1996இல் மெஃபி என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், உத்தரவிட்டு அடக்கும் நிர்வாகம் தொடக்கத்தில் வெற்றி பெற்று, அவ்வெற்றியினாலேயே பிற்காலத்தில் தோல்வியுறும் விதத்தை விளக்கினார். 2002இல் கன்டர்சன் என்பவரோடு வெளியிட்ட நூலில், சிறியது பெரியதனுள்ளும், பெரியது அதனினும் பெரியதனுள்ளும் அடங்கி, ஒன்றின் வளர்ச்சியும் சிதைவும் மற்றொன்றைப் பாதிக்கும் முறையைக் கூறினார். மெதுவாக மாறுவன எவை, விரைவாக மாறுவன எவை என்று பிரித்தறிவதே அவர் கற்பித்த முக்கியமான பாடம். கண்ணுக்குத் தெரிவன விரைவாக மாறுவன; விதியை நிர்ணயிப்பன மெதுவாக மாறுவன.

இராமநாதபுரம் ஜில்லாவின் கண்மாய்ப் பாசனத்தை இக்கண்கொண்டு நோக்கினால் பல விஷயங்கள் விளங்கும். இங்கு வருஷத்திற்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. வைகையும் எல்லா வருஷமும் கடைமடை வரையில் வருவதில்லை. இத்தகைய பூமியில் முன்னோர் ஒரு பெரிய நீர்த்தேக்கத்தை நம்பவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்மாய்களை வெட்டி, மேல் கண்மாயின் கலுங்கு வழிந்தால் கீழ்க் கண்மாயின் வரத்துக் காலில் சேரும்படி சங்கிலியாகக் கோத்தனர். வைகையின் மிச்ச நீரும் இறுதியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து தங்கும்படி அமைந்திருக்கிறது. ஒரு கண்மாய் உடைந்தால் அடுத்தது ஏந்திக்கொள்ளும். ஓரூரில் மழை தவறினால் மேலூரின் வழிநீர் கைகொடுக்கும். கண்மாய் நிறைந்தால் நெல், பாதி நிறைந்தால் மிளகாயும் பருத்தியும், ஒன்றுமில்லாவிடில் குதிரைவாலியும் கேழ்வரகும் என்று சாகுபடியும் வளைந்து கொடுத்தது. நொறுங்கன், குழியடிச்சான், சித்திரைக்கார் முதலிய நெல் வகைகள் புழுதியில் விதைக்கப்பட்டு, வறட்சியைப் பொறுத்துக்கொண்டு ஓரளவேனும் பலன் தந்தன. விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு வெகுவாக ஏறி இறங்கியது. ஆனால் ஊர்கள் நிலைத்தன. ஸ்திரத்தன்மை குறைவு, தாங்குந் திறன் மிகுதி என்று ஹாலிங் கூறிய நிலைமைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பதரிது.

இப்பொழுது இச்சங்கிலியில் மெதுவாக மாறிவந்தவை எவை என்று பார்க்கவேண்டும். வண்டல் ஆண்டுதோறும் விரற்கடை அளவில் உள்வாயில் படிகிறது. வரத்துக் கால் முழங்கால் அகலம் குறைந்து போகிறது. மடை திறந்து நீர் பகிரும் நீர்ப்பாய்ச்சிக்குக் களத்தில் அளக்கும் நெல் நின்றுபோகிறது. இவற்றுள் எதுவும் ஒரு வருஷத்தில் கண்ணில் படுவதன்று; எந்த வருஷத்துக் கணக்கிலும் ஏறுவதன்று. ஒரு நாள் மழை நன்றாகப் பெய்தும் கண்மாய் நிறையவில்லை என்று ஊரார் வியக்கும்போது, வரம்பு வெகுநாள் முன்பே கடக்கப்பட்டிருக்கும். அதன்பின் நிகழ்வது ஒரு சுழல். நீர் குறைந்ததால் வசதியுள்ளோர் ஆழ்குழாய்க் கிணற்றை நாடுகின்றனர். கண்மாயில் அவர்களுக்கு அக்கறை குறைகிறது. மராமத்துக்கு ஆள் கூடுவதில்லை. ஆகவே நீர் இன்னும் குறைகிறது. புதிய நிலை தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொள்கிறது. இதில் யாரோ ஒருவரைக் குற்றஞ் சொல்வதால் பயனில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வரையில் நியாயமாகவே நடந்துகொண்டாலும், மொத்தத்தில் கேடு விளைகிறது.

சீமைக் கருவேலின் சரித்திரமும் இதுவே. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இம்மரம் 1870களில் சென்னை மாகாணத்திற்குக் கொண்டுவரப்பட்டது. சுதந்திரத்திற்குப் பின் விறகுக்காக வறண்ட ஜில்லாக்களில் பரவலாக விதைக்கப்பட்டது. விறகுப் பஞ்சம் என்ற ஒரு குறைக்கு அது நல்ல பரிகாரமாகவே இருந்தது. ஆனால் ஆடுமாடுகள் அதன் காயைத் தின்று, சாணத்தின் மூலம் கண்மாய் உள்வாயிலும் தரிசிலும் விதையைப் பரப்பின. நீர் நில்லாத கண்மாயில் மரம் அடர்ந்தது. மரம் அடர்ந்த கண்மாயில் நீர் வரத்து தடைப்பட்டது. தரிசாய்க் கிடந்த நிலத்தில் கரிமூட்டம் ஒரு ஜீவனமாயிற்று. கரியில் பணம் வந்ததால் தரிசைத் திருத்த வேண்டிய அவசரமும் குறைந்தது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்றும்படி உத்தரவிட்டபோது, பல ஊர்களில் யந்திரங்கள் வைத்துப் பிடுங்கினர். சில மாதங்களுக்குள் அவ்வேலைக்கு இடைக்காலத் தடையும் விதிக்கப்பட்டது. வழக்கின் போக்கு எதுவாயினும், நிலத்தின் நியாயம் ஒன்றே. அடிமரத்தை விட்டு வெட்டினால் அது தழைக்கும். வேரோடு பிடுங்கினாலும் மண்ணிலுள்ள விதை முளைக்கும். வெட்டவெளியான உள்வாயில் வேறு மரமோ, நீரோ, உழவோ வந்து இடத்தை நிரப்பாவிட்டால், அடுத்த மழைக்குப் பின் மறுபடியும் சீமைக் கருவேலே நிரப்பும். கரிமூட்டத்தை நம்பிய கூலிக்குடும்பங்களுக்கு வேறு வழி காட்டாவிட்டால், அவர்களும் அதையே வரவேற்பர். மரத்தை மட்டும் பார்ப்பவர் வெட்டச் சொல்வார். சுழலைப் பார்ப்பவர் வெட்டியபின் என்ன என்று கேட்பார்.

வரம்பு என்பது எவ்வளவு கூர்மையானது என்பதற்குத் தனுஷ்கோடியின் மணலே சாட்சி. இருபுறமும் கடல் சூழ்ந்த அத்திட்டில் மீனவப் பெண்கள் கையால் மணலைத் தோண்டி, சில அடி ஆழத்தில் குடிநீர் எடுக்கின்றனர். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஐரோப்பிய இஞ்சினீயர்கள் கண்ட கணக்குப்படி, கடல் மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் நிற்கும். ஆகவே மேலே ஓரடி குறையும்படி இறைத்துவிட்டால், கீழே உப்புநீர் சுமார் 40 அடி ஏறிவரும். குடத்தால் மொண்டு எடுக்கும்வரை ஊற்று வற்றாது. பலத்த பம்பு வைத்தால் சீக்கிரத்தில் உவர்த்துவிடும். கடற்கரையோரக் கிராமங்களில் தென்னைக்கும் தோட்டத்துக்கும் கிணறு தோண்டுவோர் யாவரும் இக்கணக்கை மனத்தில் வைக்கவேண்டும். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு இன்று நன்னீராயிருப்பது நாளைய நன்னீருக்கு உத்தரவாதமாகாது.

கடலிலும் இதே பாடம் உண்டு. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்ததன் பயனாக, தூத்துக்குடிக்கு அருகில் விலாங்குசல்லி, கீழக்கரைக்கு அருகில் பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. பாறையை எடுத்தவர் எவரும் தீவை எடுக்க நினைத்தவரல்லர். ஒவ்வொரு படகும் கொண்டுபோனது சிறிதே. அலையைத் தடுக்கும் அரண் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தபின், தீவை அலையே கொண்டுபோயிற்று.

இக்கொள்கையின்மேல் ஆக்ஷேபங்கள் இல்லாமலில்லை. வரம்பு எங்கே இருக்கிறது என்பது அதைக் கடந்த பின்னரே தெரியும். முன்னதாகச் சொல்ல முடியாத சாஸ்திரத்தால் என்ன பயன் என்று சிலர் கேட்பர். இது நியாயமான கேள்வி. வரம்பு தெரியாது என்பதே அதன் அருகில் போகாமலிருக்கத் தக்க காரணம் என்பதுதான் இதற்கு விடை. ஆழம் தெரியாத கண்மாயில் கரையோரம் நடப்பவன் புத்திசாலி. தாங்குந் திறன் என்பது எப்பொழுதும் நல்லதென்று கொள்வதும் பிழை. சீமைக் கருவேலுக்கு உள்ள தாங்குந் திறன் எந்த நெல்லுக்கும் இல்லை. வறுமையும் கடனும் மிகவும் தாங்குந் திறன் உடையவை. ஆதலின் எது நிலைக்கவேண்டும், எது மாறவேண்டும் என்பதை ஊரார் கூடித் தீர்மானிக்க வேண்டுமேயன்றி, அதைச் சாஸ்திரம் தீர்மானித்துத் தராது. எல்லாவற்றையும்விட வலிய ஆக்ஷேபம் இது: இந்த வருஷம் கிஸ்தியும் வட்டியும் கட்டவேண்டிய குடியானவர், இருபது வருஷத்துக்குப் பின் வரும் நன்மைக்காக இன்றைய விளைச்சலை விட்டுக்கொடுக்க இயலுமா? தனி ஒருவரால் இயலாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதனாலேயே இது ஊர்ப்பொதுவாகவும் சர்க்கார் உதவியோடும் செய்யவேண்டிய காரியமாகிறது.

செய்யத் தக்கவை எவை? முதலாவது, மராமத்தைக் கண்மாய்க் கணக்கில் செய்யாமல் சங்கிலிக் கணக்கில் செய்யவேண்டும். 1858ஆம் வருஷத்துச் சட்டம் அங்கீகரித்த பழைய குடிமராமத்து வழக்கம், 2017இல் தமிழ்நாடு சர்க்காரால் அப்பெயரிலேயே ஒரு திட்டமாகப் புதுப்பிக்கப்பட்டது போற்றத்தக்கதே. ஆயினும் மேலூரார் தங்கள் கரையையும் கலுங்கையும் உயர்த்திக்கொண்டால், கீழூரார் கண்மாய் நன்றாக வெட்டப்பட்டும் வறண்டே கிடக்கும். ஒரு வரத்துக் காலைச் சார்ந்த எல்லாக் கிராமங்களின் ஆயக்கட்டுதாரர்களும் ஓரிடத்தில் கூடிப் பேசியபின்பே எந்தக் கலுங்கின் மட்டத்தையும் தொடவேண்டும். வண்டல் எடுப்பதிலும் இந்நோக்கம் தேவை. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அந்நீர் வயலுக்குப் பாயாது. கால்நடைக்கும் கிணற்று ஊற்றுக்குமே உதவும். எதற்காகத் தோண்டுகிறோம் என்று தெரிந்து தோண்டுவது நலம்.

இரண்டாவது, சாகுபடியில் ஒரே பயிரையோ ஒரே ரகத்தையோ முழுதும் நம்பலாகாது. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தார் வறட்சிக்கேற்ற நெல் ரகங்களைக் கண்டு வெளியிட்டிருக்கின்றனர். அவற்றை விதைப்போரும் நிலத்தின் ஒரு பகுதியில் பழைய நாட்டு ரகத்தையும், மற்றொரு பகுதியில் சிறுதானியத்தையும் வைத்துக்கொள்வது தற்காப்பாகும். நல்ல மழை வருஷத்தில் இதனால் வருமானம் சிறிது குறையலாம். மழை பொய்த்த வருஷத்தில் களத்தில் ஏதேனும் ஒன்று இருக்கும். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால் அதன் விலை ஏறினும், எல்லாப் புன்செயையும் மிளகாயாக்கிவிடுவது தனுஷ்கோடிப் பட்டணம் ரயிலை நம்பியது போலாகும்.

மூன்றாவது, கிராம அதிகாரிகள் விரைவாக மாறுவனவற்றை மட்டும் குறித்துக்கொள்வது போதாது. மழையளவும் சாகுபடிப் பரப்பும் வருஷந்தோறும் கணக்கில் ஏறுகின்றன. கலுங்கு முதலில் வழிந்த தேதி, மடையருகே படிந்த வண்டலின் ஆழம், குறிப்பிட்ட இரண்டு மூன்று கிணறுகளின் நீர்மட்டமும் உவர்ப்பும், உள்வாயில் மரம் பரவிய எல்லை ஆகியவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆண்டுதோறும் பொங்கலையொட்டிக் குறித்து வைத்தால் செலவு ஒன்றுமில்லை. ஐந்தாறு வருஷத்துக் குறிப்பைப் புரட்டினால் எது மெதுவாக நகர்கிறது என்பது தெரிந்துவிடும். உத்தியோகஸ்தர் மாறினாலும் புத்தகம் கிராமத்தில் இருக்கவேண்டும். ஹாலிங் கூறிய பரீட்சை நிர்வாகம் என்பது இந்த நோட்டுப் புத்தகத்தில்தான் தொடங்குகிறது.

நான்காவது, எந்தப் பரிகாரத்தையும் முதலில் சிறிய அளவில் செய்து பார்க்கவேண்டும். சீமைக் கருவேலை அகற்றுவதாயின், ஒரு வருஷம் ஒரு கண்மாயின் ஒரு மூலையில் அகற்றி, அவ்விடத்தில் நாட்டுக் கருவேலோ, புளியோ, புல்லோ வைத்து, மறுவருஷம் முளைத்தவற்றைக் கன்றிலேயே பிடுங்கி, செலவையும் பலனையும் பார்த்தபின் அடுத்த மூலைக்குச் செல்லலாம். தவறு நேர்ந்தால் அது ஒரு மூலைத் தவறாகவே முடியும். ஜில்லா முழுவதும் ஒரே நாளில் செய்த தவறு ஜில்லா முழுவதும் பரவிய தவறாகும்.

2025ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. பழுதான பாலத்துக்குப் பதில் புதிய பாலம் கட்டலாம். அதற்கு இரும்பும் பணமும் போதும். நிலத்தடியில் உவர்ந்த ஊற்றையும், கலைந்துபோன கண்மாய்ச் சங்கிலியையும், விதை அற்றுப்போன நெல்லையும் அவ்வாறு கொண்டுவர முடியாது. பாலத்துக்குச் செய்யும் சிகிச்சையைக் கண்மாய்க்குச் செய்யலாகாது என்பதைப் பூச்சியை ஆராய்ந்த ஓர் அறிஞர் உலகத்துக்குக் காட்டினார். வருகிற ஐப்பசிக்கு முன் வரத்துக் காலை ஒருமுறை தலைமுதல் கடைவரை நடந்து பார்க்கும் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும், அவர் சொன்னதில் பாதியைத் தங்கள் கண்ணாலேயே கண்டுகொள்வார்கள்.